நம்ம எம்.பி. போட்ட ஓட்டு யாரோட ஓட்டு? செலவழிச்ச காசு யாரோட காசு?

[திரையில்: திருப்பூர், ஓடிக்கிட்டிருக்கிற பவர் டேபிள்கள்]

வணக்கமுங்க. 2016 ஆகஸ்ட் 8. ஜிஎஸ்டிக்கான அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையில ஓட்டுக்கு வருது. ஆதரவு 443, எதிர்ப்பு பூஜ்யம். நிட்டிங், டையிங், ஸ்டிச்சிங், செக்கிங்னு ஒரே பனியன் நாலு கை மாறி ஜாப் ஒர்க்குல போற ஊரு திருப்பூர். இந்த வரி வந்தா நம்ம பொழப்பு எப்படி மாறும்னு அங்க டீக்கடையில நின்னவருக்குக்கூடத் தெரியும். அன்னைக்கு திருப்பூர் எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாங்க?

போடவே இல்லீங்க. வெளிநடப்பு. கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, நீலகிரி, நாமக்கல், கரூர் எல்லாமே அப்ப அதிமுக தொகுதி. கட்சியே எந்திரிச்சு வெளிய போயிருச்சு. ஜிஎஸ்டி வேண்டாம்னு அதிகமாப் பேசின கட்சி அதுதான். ஆனா பதிவுல பார்த்தீங்கன்னா எதிர்ப்பு ஓட்டு ஒண்ணுகூடக் கிடையாது. சிவப்புப் பொத்தானை அமுக்கிட்டு வெளிய வந்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்னு எனக்கு இன்னைக்கும் புரியலை.

[திரையில்: மஞ்சள் மூட்டைகள், ஈரோடு மண்டி]

சரி, அடுத்தது 2020 செப்டம்பர், வேளாண் சட்டங்கள். மஞ்சள் மண்டியில மூட்டை இறக்கிற விவசாயி "எங்க எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டாரு?"ன்னு தேடினா, பேர் வாரியா ஒரு பட்டியலும் சிக்காது. ஏன்னா அது குரல் வாக்கெடுப்புங்க. ஆதரிக்கிறவங்க ஒரு சத்தம், எதிர்க்கிறவங்க ஒரு சத்தம், எது பெருசுன்னு அவைத்தலைவர் முடிவு பண்ணிருவாரு. செப்டம்பர் 20-ஆம் தேதி மாநிலங்களவையில எண்ணி ஓட்டெடுங்கன்னு எதிர்க்கட்சிகள் கேட்டாங்க, நடக்கலை. அடுத்த வருஷம் நவம்பர் 29-ல அதே சட்டங்களை வாபஸ் வாங்கினப்பவும் குரல் வாக்குதான், விவாதம்கூட இல்லாம. கொண்டு வந்ததும் சத்தத்துல, எடுத்துட்டுப் போனதும் சத்தத்துல.

நம்ம நாட்டுல பெரும்பாலான மசோதா இப்படித்தான் நிறைவேறுது. அதனால தேர்தல் சமயத்துல "இத்தனை சதவீதம் வருகை, இத்தனை கேள்வி"ன்னு ஃபிளெக்ஸ் பார்த்தீங்கன்னா, அது தப்பில்லை, ஆனா அதுல ஓட்டு இருக்காது.

பேர் வாரியா வேணும்னா, எண்ணி எடுத்த ஓட்டாப் பார்த்துத் தேடோணும். அரசியல் சட்டத் திருத்தம்னா கட்டாயம் எண்ணியாகணும். இல்லை, உறுப்பினர்கள் விடாப்பிடியாக் கேட்டு, அவைத்தலைவரும் சம்மதிச்சிருக்கணும். 2019 டிசம்பர் 11, குடியுரிமைத் திருத்த மசோதா, மாநிலங்களவை: ஆதரவு 125, எதிர்ப்பு 105. இது எண்ணினது.

[திரையில்: 125 – 105 என்ற எண்கள் மாறி 114 – 116 ஆகிறது]

இந்தக் கணக்கை மட்டும் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. அந்த 125-ல அதிமுக 11 பேரு. அந்தப் பதினொண்ணு அக்கட்டால போயிருந்தா 114-க்கு 116. மசோதா விழுந்திருக்கும். அப்ப முதலமைச்சர் நம்ம எடப்பாடிக்காரரு. இந்தப் பதினோரு பேரும் தனித்தனியா உட்கார்ந்து யோசிச்சுப் போட்ட ஓட்டா அது? இல்லீங்க, கட்சி முடிவு.

கட்சி முடிவை மீற முடியாதான்னு கேப்பீங்க. 1985-ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா, அதாவது சபையில எப்படி ஓட்டுப் போடோணும்னு கட்சி சார்பாச் சொல்றவரு, அவரோட உத்தரவை மீறினா பதவி போயிரும். 15 நாளுக்குள்ள கட்சி மன்னிச்சுட்டாத்தான் தப்பிக்கலாம்.

இங்கதானுங்க நாமக்கல் கதை வருது. 2019-ல அங்க ஜெயிச்ச ஏ.கே.பி. சின்ராஜ், கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்காரரு. ஆனா நின்னது உதயசூரியன்ல. அதனால மக்களவைக் கணக்குல அவரு திமுக உறுப்பினர், திமுக கொறடா சொல்றதுதான் அவருக்கும். 2024-ல ஜெயிச்ச மாதேஸ்வரனும் அதே சின்னம், அதே ஏற்பாடு. மேடையில ஒரு கொடி, சபையில வேற கொடி. ஓட்டுப் போட்டவங்கள்ல எத்தனை பேரு இதை யோசிச்சிருப்பாங்க?

[திரையில்: தேர்தல் அலுவலக விலைப் பட்டியல்: டீ, வடை, பிரியாணி, நாற்காலி வாடகை]

இனி காசு. 2019-ல மக்களவை வேட்பாளருக்குச் செலவு வரம்பு 70 லட்சம், இப்ப 95 லட்சம். டீக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு, சேர் வாடகை இவ்வளவுன்னு மாவட்டத்துல ஒரு விலைப் பட்டியலே போடுவாங்க. வேட்பாளர் கூட்டத்துக்கு நூறு சேருன்னு எழுதி, வீடியோ எடுத்த அதிகாரி ஐநூறுன்னு எண்ணினா, அவங்க வெச்சிருக்கிற நிழல் பதிவேட்டுல ஐநூறுதான் ஏறும். இதெல்லாம் கவரு குடுக்கிற காசைப் பிடிக்காதுங்கறது ஊரறிஞ்ச விஷயம். 2016 சட்டமன்றத் தேர்தல்ல கரூர் மாவட்டம் அரவக்குறிச்சியில பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே ரத்து பண்ணினாங்க.

ஆனா எழுத்துல இருக்கிற காசே போதும், தலை சுத்தும். வேட்பாளருக்குத்தான் வரம்பு. கட்சி பொதுவாப் பண்ற பிரச்சாரத்துக்கு வரம்பே கிடையாது. 2019 தேர்தல் முடிஞ்சு திமுக தேர்தல் ஆணையத்துல குடுத்த கணக்குல, இந்திய கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி குடுத்ததா இருக்குது. கடைசிக் கட்சி நின்னது ஒரே தொகுதி. தேர்தல் செலவுக்குத்தான் வாங்கினோம், வங்கி வழியாத்தான் வாங்கினோம்னு இடதுசாரிகள் சொன்னாங்க. கணக்குல காட்டினதாலதானே நமக்கே தெரியுது, அதை ஒத்துக்கோணும். ஆனாலும் 70 லட்சத்தையும் 15 கோடியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

இப்படிக் குடுத்த திமுகவுக்குக் காசு எங்கிருந்து? தேர்தல் பத்திரம்னா, குடுக்கிறவங்க பேர் வெளிய தெரியாம கட்சிக்கு நன்கொடை தர பேங்க்ல வாங்கின பத்திரம். அதுல திமுகவுக்கு வந்ததா அவங்களே சொன்னது 656.5 கோடி. அதுல 509 கோடி ஃபியூச்சர் கேமிங், லாட்டரி கம்பெனி, முகவரி நம்ம கோயமுத்தூர். 1,368 கோடிக்கு வாங்கி நாட்டுலயே அதிகமாப் பத்திரம் வாங்கின கம்பெனி அதுதான். திரிணாமுல், பாஜகன்னு மத்தவங்களுக்கும் குடுத்திருக்குது. 2019-ல குடுத்த 15 கோடிக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டுராதீங்க, இந்தப் பத்திரமெல்லாம் அதுக்கப்புறம் வாங்கினது. மொத்தமாப் பத்திரத்துல அதிகம் வாங்கினது பாஜக, 6,986.5 கோடி.

[திரையில்: 2017 மார்ச்]

இந்தப் பத்திரத்துக்கு வழி பண்ணினது 2017 நிதி மசோதா. கம்பெனிகள் லாபத்துல 7.5 சதவீதத்துக்கு மேல நன்கொடை தரக்கூடாதுங்கற கட்டுப்பாட்டையும் அதுலயேதான் தூக்கினாங்க. பண மசோதாவா வந்ததால மாநிலங்களவையால தடுக்க முடியலை. அவங்க சொன்ன அஞ்சு திருத்தத்தையும் மக்களவை தள்ளிருச்சு. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ல ரத்து பண்ற வரைக்கும் யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு நமக்குத் தெரியாது.

உங்க தொகுதிக்குப் பார்க்கோணும்னா, தேர்தல் முடிவு வந்து 30 நாளுக்குள்ள வேட்பாளர் செலவுக் கணக்குத் தரணும். அது கலெக்டர் ஆபீசுல, மாவட்டத் தேர்தல் அதிகாரிகிட்ட இருக்கும். யாரு வேணும்னாலும் பார்க்கலாம், விதிப்படி கட்டணம் ஒரு ரூபாய். நகல் வேணும்னா அதுக்குத் தனி. கட்சிக் கணக்கு 90 நாளுக்குள்ள டெல்லிக்குப் போகும், தேர்தல் ஆணையத் தளத்துல தேடுங்க. நாமக்கல், திருப்பூர்க்காரங்க ரெண்டையும் எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதுல ஏதாச்சும் புரியலைன்னா கமெண்ட்ல போடுங்க, அந்தப் பக்கத்தை அடுத்த வீடியோவுல வரி வரியாப் படிச்சுறலாம்.