பழுத்த இலையும் துடிக்கிற கலமும்

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். இருதயத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் வேலியில் தொடங்கப்போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

அலம்பல் வேலி அடைத்திருப்பீர்கள். பச்சையாக வெட்டிக் கட்டின கொப்பில் இலை காய்ந்து சருகாகிவிடும். ஆனால் லேசில் உதிராது. உலுப்பினாலும் கொஞ்சம்தான் விழும். பக்கத்தில் உயிரோடு நிற்கிற பூவரசிலோ, பழுத்த இலை காற்றே இல்லாமல் கழன்று விழும். ஏன்? ‘செத்த கொப்புக்கு இலையை விடத் தெரியாது’ என்பா எங்கட அம்மம்மா. பள்ளிக்கூடம் போகாத மனுசி, விடை சரி. இலை உதிர்வது மரம் செய்கிற வேலை. காம்படியில் உயிர்க்கலங்களைப் பிரித்துக் கழற்றிவிட உயிர் வேண்டும். வருடா வருடம் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பை முறித்துத் தொங்கவிடுவேன். ஒருமுறை ஒரு பெடியன், ‘ரீச்சர், இது விழாதெண்டு தெரிஞ்சுபோச்சு, வீட்டை போகட்டோ?’ என்று கேட்டான்.

சரி, இருதயத்துக்கு வருவோம். இல்லை, இன்னும் ஒரு சொல். 1972இல் கேர், வைலி, கரி என்ற மூவர், கலம் தானே ஒழுங்காக முடிந்துபோவதற்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் இலை உதிர்வு என்று பொருள். அம்மம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பா.

அந்த உதிர்வைத் தடுத்து வைக்கிற புரதங்களும் உண்டு. பிசிஎல்-2 என்ற புரதம் கலத்தைப் பெருக்குவதில்லை, சாகாமல் காக்கிறது என்று 1988இல் மெல்பேர்ணில் காட்டினார்கள். கலத்துக்குச் சக்தி தருகிற இழைமணியின் தோலில் ஓட்டை விழாமல் இந்தக் காவல் புரதக் குடும்பம் பார்த்துக்கொள்கிறது. இரணைமடுக் குளத்துத் துருசு மாதிரி நினையுங்கோ. திறந்து பாய்ந்த தண்ணீர் திரும்பி ஏறாது. இழைமணிக்குள் இருப்பது கசிந்தாலும் அப்படித்தான், கலம் செத்துப்போகும்.

இப்ப இருதயத்துக்கு வருவோம். ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் தோற்கலத்தை மூலக்கலமாக, அதாவது வேறு எந்த வகைக் கலமாகவும் மாறக்கூடிய கலமாகத் திருப்பிக் காட்டினார். அந்த மூலக்கலத்துக்கு ஒழுங்கான சமிக்ஞைகளைக் கொடுத்தால் பத்து நாள் அளவில் இருதயக் கலமாகி, நரம்பு ஒன்றும் இல்லாமல், கிண்ணத்துக்குள் துடிக்கத் தொடங்கும். முதல்தரம் காணொளியில் பார்த்தபோது என் நெஞ்சும் கூடவே அடித்தது. மூலக்கலத்தில் இழைமணிகள் சின்னனாக, உருண்டையாக இருக்கும். இருதயக் கலம் ஆகும்போது நீண்டு பெருகி, முழுதாக வளர்ந்த இருதயத்தில் கலத்தின் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நான் சொல்ல வந்ததே இனித்தான். அந்த பிசிஎல்-2 குடும்பத்தில் எம்சிஎல்-1 என்று ஒரு புரதம். துருசுக்குக் காவல் நிற்கிறவர் வாய்க்காலையும் துப்புரவாக்குகிற மாதிரி, இது சாவைத் தடுப்பதோடு இழைமணிகள் பிரிவதையும் சேர்வதையும் கவனிக்கிறது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மூலக்கலத்திலிருந்து வளர்த்த இருதயக் கலங்களில் இதை மருந்தால் அடக்கிப் பார்த்தார்கள். இழைமணிகளின் அமைப்புக் குலைந்தது, துடிப்பும் கெட்டது. காவல் மட்டுமல்ல, பராமரிப்பும் என்றேனே, அது இதுதான்.

கண்ணாடிக்கு அங்கால் பிள்ளை கையைக் காட்டுறா. புற்றுநோய்க்கு இதே எம்சிஎல்-1ஐ அடக்குகிற மருந்துகளைப் பற்றிக் கடைசியாகப் பேச இருந்தேன். மனிதரில் நடந்த சில பரிசோதனைகளை, இருதயத்துக்குப் பாதிப்பு வரும் அறிகுறி கண்டு நிறுத்தினார்கள். ஏன் என்று இப்ப விளங்கியிருக்கும். நேரம் முடிஞ்சுது, வணக்கம்.