பிரசவ அட்டை முடிந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். உசிலம்பட்டி, செல்லம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்குள் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'நர்சம்மா'தான். ஆஸ்பத்திரிக்கு யார் வருகிறார்கள், எந்த வயதில் வருகிறார்கள், யார் கடைசிவரைக்கும் வராமலே போகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து அரசாங்கம் அவளைப் பெயர் சொல்லித் தேடும். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் என்று ஒரு பதிவு எண் போடுவோம். எடை பார்ப்போம், ரத்தம் பார்ப்போம், ஸ்கேனுக்கு அனுப்புவோம். வராவிட்டால் வீட்டுக்கே போய்க் கூட்டி வருவோம். கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்த்தி. வலி கண்டால் 108. இதனால்தான் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று வந்தது. வீட்டில் பிள்ளை பெற்றுத் தாய் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த எண்ணைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் உண்டு. 30 முதல் 49 வயதுப் பெண்களில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அதே ஊர், அதே ஆரம்ப சுகாதார நிலையம், அதே பெண்கள்தான். கடைசிப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு, குடும்பக் கட்டுப்பாடும் செய்து முடித்தால், அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரி மறந்துவிடுகிறது, அவளும் ஆஸ்பத்திரியை மறந்துவிடுகிறாள். இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

செல்லம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. மகளை வளைகாப்பு முடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். நான் போய் மகளுக்கு பிரஷர் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, அவளுடைய அம்மா வாசல்வரை கூடவே வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்.

"நர்சம்மா, எனக்கு நின்னு அஞ்சாறு வருசம் ஆச்சு. இப்ப மறுபடியும் படுது. எளவயசு திரும்புது ஆத்தான்னு மதினி சொல்லிச் சிரிக்குது."

"எப்ப இருந்தும்மா?"

"சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடியே."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது தைப் பொங்கல் கழிந்து. 'ஏம்மா இத்தனை நாளாகச் சொல்லவில்லை' என்று கேட்டேன். "பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல என் சீக்கப் போய் எடுக்கலாமா" என்றார். என் கையிலிருந்த பதிவேட்டில் மகளுக்கு ஒரு பக்கம் முழுசாக இருந்தது. அம்மாவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

மதுரை பெரியாஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள், கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்று. ஆபரேஷன் செய்து, மதுரை பாலரெங்கபுரம் அரசு ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. பேத்திக்குக் காது குத்தும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமார்களே, மாதவிடாய் முழுதாக நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். எல்லாம் புற்றாக இருக்காது, பல பேருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் எது எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வெட்கம் மட்டும்தான் தடை என்று நினைக்கக் கூடாது. நேரம் என்று ஒன்று இருக்கிறது. மல்லிகைத் தோட்டத்தில் வேலை செய்கிற பெண் பொழுது விடியுமுன் மொட்டுப் பறிக்கப் போக வேண்டும், பூ மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை. வீடு திரும்பி உலை வைத்துப் பிள்ளையை அனுப்பி நிமிரும்போது மணி பத்து. அதற்குமேல் பஸ் பிடித்து மதுரைக்குப் போனால், ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருக்கும். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரிய உதவிதான், மறுக்க முடியாது. ஆனால் ஒருநாள் கூலி போவது போவதுதான். நாற்பது வயதுப் பெண் தன் முதுகுவலியை அந்தக் கூலியோடு நிறுத்துப் பார்க்கிறாள், பெரும்பாலும் கூலிதான் ஜெயிக்கிறது.

ஆண்கள் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் என்றாலே பொம்பளைகளும் பிள்ளைகளும் போகிற இடம் என்று ஒரு நினைப்பு. கொத்தனார், லோடுமேன், லாரி டிரைவர் எல்லாரும் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கால் விரல் கறுத்த பிறகுதான் தனக்குச் சுகர் இருப்பதே தெரிந்தது என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காசநோய் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம், வந்து காட்டுவதில் தாமதமும் அவர்களிடம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளி கொடுத்துப் பார்க்க வேண்டும், காசு கிடையாது.

ஆனால் ஒரு வித்தியாசம். ஆண் படுத்துவிட்டால் வீடே எழுந்து நிற்கும். தனியார் ஆஸ்பத்திரிக்குக் கார் வரும். அடகுக்கடைக்கு அவர் மனைவியின் தோடு போகும். படுக்கைக்குப் பக்கத்தில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பதும் அவள்தான். அவளே படுத்துவிட்டால்? 'கஷாயம் வச்சுக் குடி, ரெண்டு நாள்ல சரியாகும்.' இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளும் தன் மாமியாருக்கு அதையேதான் சொல்லியிருப்பாள்.

வயதானவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இன்றைக்கு அதைவிடக் கூடுதல். கணவனை முந்தி அனுப்பிவிட்டு மகன் வீட்டில் ஒண்டியிருக்கிற அப்பத்தாமார் ஊருக்கு ஊர் உண்டு. ஆஸ்பத்திரி என்றாலே அவர்கள் கேட்பது, 'கூட யாரு வருவா?' டாக்டர் கட்டணத்தை இலவசமாக்கிவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் நம் மதுரையிலேயே இருக்கிறார்கள். டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. ஆபரேஷன் இலவசம் என்று சொன்னால் மட்டும் ஜனம் வந்துவிடாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். கிராமத்திலேயே முகாம் போட்டு, கண்புரை இருப்பவர்களை மொத்தமாக பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, ஆபரேஷன் முடித்து ஊரில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். என் பார்வையில் இதில் அதிகப் பலன் பெற்றது கிழவிகள்தான். 'போற வயசுல எனக்கெதுக்குத் தாயி கண்ணு' என்று சொன்ன அதே ஆத்தா, அதே தெரு ஆட்கள் ஆறேழு பேர் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்துச் சுருக்குப்பையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். மகனுடைய லீவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லையே.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இதே வழியில்தான் போகிறது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருவது அதே ஊர்ப் பெண். மகனிடம் சொல்லாததை அவளிடம் சொல்கிறார்கள். மாத்திரை வீடு வந்து சேர்ந்தாலும், மருமகள் நூறு நாள் வேலைக்குப் போன வீட்டில் பதினொரு மணிக்குத்தான் சோறு என்றால், காலையில் போட வேண்டிய மாத்திரையும் பதினொரு மணிக்குத்தான் என்பதையும் அந்தப் பெண்ணால்தான் கவனிக்க முடியும்.

கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு மாதம் தள்ளிப்போனாலும் லேடி டாக்டரிடம் கூட்டிப்போகத் தாய்மார் பயப்படுகிறார்கள், தெரு என்ன பேசுமோ என்று. 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருக்கிற மாநிலம் இது. தெருவுக்குப் பயந்து பிள்ளையின் உடம்பை விட்டுவிடாதீர்கள்.

அதிகாரிகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கோரிக்கை. வாரத்தில் ஒரு நாளாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாயங்கால ஓ.பி. வையுங்கள். பூப்பறிக்கிற பெண்ணும் வருவாள், சித்தாள் வேலை முடிந்தவளும் வருவாள், கொத்தனாரும் வருவார். கர்ப்பிணியைப் பார்க்கப் போகிற செவிலியரின் பதிவேட்டில், அந்த வீட்டிலிருக்கிற மற்றப் பெண்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு, சுகரும் பிரஷரும் பார்க்கிற அதே இடத்தில் மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் சோதித்துப் பார்ப்பார்கள். பணம் கட்ட வேண்டாம். சில நிமிஷத்தில் முடிந்துவிடும், பெண் நர்ஸ்தான் பார்ப்பார். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டு மதினியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் காட்டிக்கொள்ளட்டும். எங்கே, எப்போது என்று சந்தேகம் இருந்தால் 104க்கு போன் போட்டுக் கேட்கலாம். வணக்கம்.