படிக்கச் சம்பளம் தருகிறார்கள்! வேதியியல் முனைவர் பட்டமும் ஐந்து கண்ணாடிக் குமிழ்களும்

வணக்கம். படிப்பதற்கு நாம் பணம் கட்டுவதுதான் வழக்கம். ஆனால் அமெரிக்க ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் வேதியியல் முனைவர் பட்டத்துக்குச் சேருவோருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடியாவதோடு உதவித்தொகையும் கிடைக்கிறது. உடனே இலவசம் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். இளநிலை மாணவர்களுக்குப் பியூரெட் என்ற அளவுக் குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் அவர்களுடைய விடைத்தாள்களைத் திருத்துவதும் பல இடங்களில் அந்தத் தொகைக்கான வேலை.

முதலாண்டில் பாடங்களும் ஆய்வு வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதும், ஓரிரு ஆண்டுகளில் பேராசிரியர் குழுவின் முன் தகுதித் தேர்வு, பிறகு ஆய்வு, ஆய்வேடு. ஐந்தாண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்பதை, ‘இன்னுமா படிக்கிறாய்?’ என்று கேட்கும் சித்தப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

(திரையில்: அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னம்)

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: இப்படி ஒரு வழிகாட்டியின் கீழ் ஆராயும் முறை வலுப்பெற்ற கதை. இந்தச் சின்னத்தில் பீனிக்ஸ் பறவைக்குக் கீழே இருப்பது ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் லீபிக் 1831இல் வடிவமைத்த ஐங்குமிழ்க் கருவி. கரிமப் பொருளைத் தாமிர ஆக்சைடுடன் எரிக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் குமிழ்களில் உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் பிடித்துக்கொள்ளும். கருவியின் எடை எவ்வளவு கூடியது என்று பார்த்தால், அப்பொருளில் இருந்த கார்பனின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். தேர்ந்த கைகளுக்கே வசப்பட்டிருந்த பகுப்பாய்வு இதனால் மாணவர்களும் செய்யக்கூடிய அன்றாட வேலையாயிற்று. 21 வயதில், 1824இல், ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்துக்கு வந்த லீபிக், படைவீரர் குடியிருப்பின் காவல் கட்டடத்தில் நடத்திய ஆய்வகத்திலேதான், ஓர் ஆசிரியரின் கீழ்ப் பல மாணவர்கள் ஆளுக்கொரு சிக்கலை ஆராயும் முறை வலுப்பெற்றது.

கட்டடக் கலை படிக்கக் கீசனுக்கு வந்த கெக்குலே, லீபிக்கின் வகுப்பைக் கேட்டு வேதியியலுக்கு மாறினார். கெக்குலேயின் ஆய்வகத்தில் பயின்றவர் பேயர். பேயரின் மாணவர் எமில் ஃபிஷர். சீடர் ஃபிஷருக்கு 1902இலேயே நோபல் பரிசு கிடைத்துவிட, குரு பேயர் 1905 வரை காத்திருந்தார்! சங்கீத வித்துவான்கள் ‘யாரிடம் பாடம்?’ என்று விசாரிப்பதுபோல, வேதியியலாளர்களும் இன்றுவரை தங்கள் குரு பரம்பரையைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆகவே விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, உங்கள் விருப்பத்துக்கேற்ற வழிகாட்டிகள் அங்கே இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்களா என்று பாருங்கள் என்பதே என் கருத்து. ஒருவரை மட்டும் நம்பிச் சென்றால், அவர் அந்த ஆண்டு புதியவர்களைச் சேர்க்காமலும் போகலாம். நீங்கள் விரும்பும் வழிகாட்டியின் ஆய்வுக் குழுவில் இப்போது இருக்கும் மாணவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, முந்தையவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், வழிகாட்டி வாரத்துக்கு எத்தனை முறை சந்திக்கிறார் என்று கேளுங்கள். கிடைத்த பதிலைக் கீழே கமெண்டிலும் எழுதுங்கள்.