டிசம்பரில் அரக்கு, ஏப்ரலில் வெளிறல்: ஒரே ரோஜாச் செடி, என்ன நடக்கிறது?

(காட்சி: திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பூக்களின் படம்)

இடது பக்கம் இருக்கிற பூ அரக்குச் சிவப்பு. மடிப்புக்குள் பார்த்தால் கறுப்பு என்றே சொல்லலாம். வலது பக்கப் பூ, ரோஸ் மில்க்கில் எசென்ஸ் கொஞ்சம் கூடிப்போன மாதிரி. இரண்டும் ஒரே செடியில் பூத்தவை. இடது டிசம்பர், வலது ஏப்ரல். ஃபில்டர் எதுவும் போடவில்லை, சத்தியம்.

இதைப் பார்த்துவிட்டு "என்ன உரம் போடணும்?" என்று கேட்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். உரத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள்: "கறுப்பு ரோஜா விதை, பாக்கெட் நூறு ரூபாய்" என்று ஆன்லைனில் வருகிறதே, அதை வாங்காதீர்கள். மை மாதிரிக் கறுப்பாகப் பூக்கிற ரோஜா கிடையாது. இருப்பதெல்லாம் மிக மிக அடர்ந்த சிவப்புதான். தவிர, பெயருள்ள ரோஜா எதுவும் விதையிலிருந்து தாய்ச்செடி மாதிரியே வராது. அதனால்தான் எல்லோரும் ஒட்டுக் கட்டுகிறார்கள், இல்லையென்றால் குச்சி நடுகிறார்கள்.

சின்னத் தோட்டத்துக்கு ஏற்றது, கொத்துக் கொத்தாகப் பூத்து, இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும் வகை. நர்சரியில் 'புளோரிபண்டா' என்று கேளுங்கள். முழித்தால் 'கொத்து ரோஸ்' என்று சொல்லுங்கள்.

வரலாறு முப்பது விநாடி. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். திரும்பத் திரும்பப் பூக்கிற குணமும் நல்ல அடர் சிவப்பும் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீன ரோஜாக்களோடு அங்கே போய்ச் சேர்ந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில், கல்கத்தா பக்கமாகச் சுற்றிப் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'வங்காள ரோஜா'. சீனாக்காரப் பிள்ளைக்கு வங்காளப் பெயர்! அப்புறம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் பவுல்சென் குடும்பம் கொத்தாகப் பூக்கும் குட்டி ரோஜாவையும் பெரிய பூ ரோஜாவையும் கலந்தது. புளோரிபண்டா பிறந்தது அப்படித்தான். 1946-இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'ஃப்ரென்ஷம்' என்ற சிவப்புப் பாத்தி ரோஜாவை உருவாக்கிய ஆல்பர்ட் நார்மன், தொழிலில் வைர வேலைக்காரர். ரோஜா அவருக்குப் பொழுதுபோக்கு. பகலில் வைரம், சாயங்காலம் ரோஜா. பொறாமையாக இருக்கிறது. பிற்பாடு சாம்பல் நோய் பிடித்து அந்த ரகத்தின் மவுசு குறைந்துபோனது வேறு கதை. சரி, முப்பது விநாடி தாண்டிவிட்டது.

இப்போது நிறம். இதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

(காட்சி: இதழின் மேல்பக்கம், மிக நெருக்கத்தில்)

வீட்டில் ஒரே அரக்கு நிறத்தில் பட்டுத் துணியும் வெல்வெட் துணியும் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் பளபளக்கும். வெல்வெட் அதே நிறத்தில் இன்னும் இருட்டாகத் தெரியும். காரணம், அதன் மேல் நிற்கிற குட்டிக் குட்டி நூல் முடிகள். வெளிச்சம் அவற்றுக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்கிறது. அடர் சிவப்பு ரோஜா இதழின் மேல்தோலிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு செல்லும் கூம்பு மாதிரி மேலே துருத்திக்கொண்டு நிற்கும். கூம்பு நீளமாக நீளமாக, நடுவில் விழுகிற நிழலும் கூடும். நாம் "கறுப்பு" என்று சொல்வதில் ஒரு பங்கு சாயம், ஒரு பங்கு நிழல்.

நம்பவில்லையா? ஒரு இதழைப் பிய்த்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். கூம்பெல்லாம் படுத்துவிடும். தேய்த்த இடத்தில் வெல்வெட் போய், ஈரம் பட்டது மாதிரி மினுமினுப்பாக ஒரு தடம் விழும். இதழைத் திருப்பினால் அடிப்பக்கமும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். நான் இப்படியே ஒரு முழுப் பூவைத் தேய்த்துத் தீர்த்துவிட்டேன். சாமிக்கு வைத்திருந்த பூ என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சாயத்தின் கதை இதைவிட விசித்திரம். ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், தாவர நிறமி ஆராய்ச்சிக்காக 1915-இல் நோபல் பரிசு வாங்கியவர். சிவப்பு ரோஜாவில் இருக்கிற அதே நிறமிதான் நீலநிறக் கார்ன்ஃபிளவர் பூவிலும் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். சூப்பில் கரைக்கிற கார்ன்ஃபிளார் இல்லை, ஐரோப்பாவில் கோதுமை வயலோரம் பூக்கிற பூ. அங்கே அந்த நிறமி இரும்பு, மெக்னீசியம் மாதிரி உலோகங்களோடு கைகோத்துக்கொண்டு நீலமாகிவிடுகிறது. ரோஜாவில் செல்லுக்குள் இருக்கிற சாறு புளிப்பாக இருப்பதால் சிவப்பாக நிற்கிறது. பூ வயதாக ஆக அந்தப் புளிப்பு குறைந்துவிடும். நாலு நாள் ஆன சிவப்பு ரோஜா ஊதாவாக வாடுவது இதனால்தான். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்து நிறம் மாற்றி விளையாடியிருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே விளையாட்டு. ரோஜா இதழை வெந்நீரில் போட்டு, ஒரு டம்ளரில் எலுமிச்சை, இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுப் பாருங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அரை மணி நேரம் நிம்மதி.

இந்த நிறமிக்குச் சூடு ஆகாது. சூடு கூடக்கூட செடி இதைக் குறைவாகத்தான் தயாரிக்கும். தயாரித்த நிறத்துக்கும் கஷ்டம்தான், அடர்நிற இதழ் வெயிலை அப்படியே உறிஞ்சி ஓரம் கருகிவிடும். அதனால் ஏப்ரல் பூவைப் பார்த்து "ஏமாற்றிவிட்டார்கள்" என்று நர்சரிக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பீட்ரூட் தோலைப் புதைத்தால் சிவப்பு ஏறும் என்கிற வீடியோவையும் விட்டுவிடுங்கள். பீட்ரூட் நிறமி வேறு இனம், அதை வேர் உறிஞ்சிப் பூவுக்கு அனுப்பாது. உரம் என்றால் தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் போதும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழுக்கும்.

நிறத்துக்கு உண்மையிலேயே உதவுவது இடம்தான். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நிழல். எங்கள் கோயம்புத்தூர் வீட்டில் வாசலை ஒட்டி ஆறடிக்கு மூன்றடிதான் மண் இருக்கிறது, கிழக்குப் பார்த்தது. அதில் ஒரே ரகத்தில் மூன்று செடி, ஒன்றரை அடி இடைவெளி விட்டு, முக்கோணமாக. நிறத்துக்கு ஒன்றாக ஐந்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், துணிக்கடை வாசல் மாதிரி இருக்கும். இது என் கருத்து, திட்டுவதாக இருந்தால் கீழே திட்டுங்கள்.

குழி ஒன்றரை அடி. தண்ணீர் வேரில் விடுங்கள். இலையை நனைத்தால் கரும்புள்ளி நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே தெரியட்டும். வெளிநாட்டு வீடியோக்களில் அதை மண்ணுக்குள் புதைப்பார்கள். அது உறைபனிக்குப் பயந்து செய்வது, இங்கே தேவையில்லை.

அந்த முடிச்சை நான் கவனிக்காமல் விட்டதால் நடந்ததைச் சொல்கிறேன். முதல் செடியை ஒரு நர்சரியில் வாங்கியபோதே முடிச்சு தொட்டி மண்ணுக்குள் மறைந்திருந்தது. அப்படியே நட்டேன். ஆறு மாதத்தில் அடியிலிருந்து தளதளவென்று ஒரு கிளை கிளம்பியது. தினமும் அதற்குத்தான் முதல் தண்ணீர். பூத்தபோது சின்னச் சின்னதாக வெளிர் ரோஸ் நிறப் பூ. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணு ராசி தம்பி, நிறம் மாறிடுச்சு" என்றார். மண்ணைத் தோண்டிப் பார்த்தால், அந்தக் கிளை முடிச்சுக்குக் கீழே இருந்து வந்திருந்தது. ஒட்டுக்கு வேர் கொடுத்த காட்டு ரோஜா, மேலே இருந்த சிவப்பைப் பட்டினி போட்டுவிட்டது. ஒரு காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டுச்செடி என்பார்கள், அதை நம்பாதீர்கள். நல்ல ரகத்திலும் ஏழு இலை வரும். கிளை எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால், வெட்டாமல் பிறந்த இடத்தோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் திரும்ப வரும்.

கவாத்து: சமவெளியில் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளரும் குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீதியைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை தடவுங்கள், இல்லையென்றால் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். வெட்டி ஆறேழு வாரத்தில் பூ. நவம்பர் முதல் வாரம் வெட்டினால் மார்கழிக் கோலத்துக்கு நடுவில் பூசணிப்பூவுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

உங்கள் வீட்டுச் சிவப்பு ரோஜாவை இன்றைக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். மார்கழியில் அதே செடியில், அதே நேரத்தில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் போடுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் முதலில் அதைத்தான் காட்டப் போகிறேன். அவர் இன்னும் மண்ணு ராசி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.