முந்நூற்று இருபத்திரண்டு

வணக்கம் நேயர்களே. ஓர் எண்ணோடு தொடங்குகிறேன்: 322. டோட்டா என்ற கணினி ஆட்டத்தைப் பார்க்கும் பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், உடனே சிரிப்பு வரும். நேரலையில் ஒரு வீரர் கொஞ்சம் சொதப்பினால் போதும், பக்கத்தில் ஓடும் சாட் முழுக்க 322, 322 என்று கொட்டும். "காசு வாங்கிட்டான்" என்பதற்கு அந்த உலகத்தில் அதுதான் சுருக்கெழுத்து.

கதை 2013இல் நடந்தது. அலெக்சி பெரெசின் என்ற ரஷ்ய வீரர், ஆட்டப்பெயர் சோலோ, ஸ்டார்லேடர் என்ற டோட்டா போட்டித் தொடரில் ஆடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டத்தில் தன் அணியே தோற்கும் என்று பந்தயம் கட்டினார். கட்டியது 100 டாலர். அணி தோற்றது. கணக்குப்படி வர வேண்டிய தொகை 322 டாலர். விஷயம் வெளியே வந்ததும் முதலில் வாழ்நாள் தடை என்றார்கள், பிறகு அதை ஓராண்டாகக் குறைத்தார்கள். சோலோ திரும்பி வந்தார். 2016இல் விர்டஸ் புரோ அணிக்குக் கேப்டன் ஆனார். 2017, 2018இல் அந்த அணி பெரிய கோப்பைகளாக அள்ளியது. அத்தனை கோப்பைக்குப் பிறகும் அவர் பெயரைத் தட்டினால் பின்னாலேயே 322 வந்து நிற்கும். ஒரு நல்ல கைபேசிகூட வாங்க முடியாத தொகை அது!

ஈஸ்போர்ட்ஸில், அதாவது கணினி ஆட்டப் போட்டிகளில், இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. "ஆட்டத்தை விட்டுவிட்டு ஏன் எப்போதும் சண்டையையே பேசுகிறார்கள்?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. என் பதில் இதுதான்: சண்டைக்குத் தோதாகத்தான் அந்த வீட்டையே கட்டியிருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கால்பந்து வீரர் தோற்றுவிட்டு உடைமாற்றும் அறைக்குள் போய்க் கத்தலாம், கதவை உதைக்கலாம். நமக்குத் தெரியாது. இங்கே பையன் தோற்றுவிட்டு அறைக்கு வருகிறான், கணினியைப் போடுகிறான், ஸ்ட்ரீமைத் திறக்கிறான். ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள். மைக் போட்டாயிற்று, கேமரா முகத்துக்கு நேராக இருக்கிறது. பயிற்சியே ஒளிபரப்பு, ஒளிபரப்பே சம்பளம். வயது பதினேழோ பத்தொன்பதோ இருக்கும். பல அணிகளில் ஐந்து பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, அதே வீட்டில் தூங்கி, அதே வீட்டில் தினமும் பத்து மணி நேரம் ஆடுகிறார்கள். இதற்கப்புறம் சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

கிரெக் ஃபீல்ட்ஸ் என்றால் பலருக்குத் தெரியாது, ஐட்ரா என்றால் தெரியும். ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடிய அமெரிக்கர். கொரியாவுக்கே போய்ப் பயிற்சி எடுத்த உழைப்பாளி. ஆனால் கோபம் மூக்கு நுனியில். எதிராளிக்கு மரியாதையாக 'ஜிஜி', அதாவது 'நல்ல ஆட்டம்', என்று சொல்லி முடிப்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். இவர் பல நேரம் அதைக்கூடச் சொல்லாமல் எழுந்து போவார். ஹக் என்ற கனடா வீரரோடு ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. ஹக் ஒரு வரிசைப் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அத்தனையும் மாயத்தோற்றம், சுடவே சுடாது. பார்க்கிற நமக்குத் தெரியும், வர்ணனையாளருக்கும் தெரியும். ஐட்ரா பார்த்தார், "சரி, போச்சு" என்று ஆட்டத்தை விட்டுவிட்டு வெளியேறிவிட்டார். இல்லாத கப்பலுக்குப் பயந்து விட்டுக்கொடுத்த ஆட்டம்!

அந்தக் காட்சியைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஆனால் இன்னொன்றும் கவனித்தேன். ஐட்ராவின் ஆட்டம் என்றால் கூட்டம் கூடும். திறமைக்காகப் பாதி, எப்போது வெடிப்பார் என்று பார்க்கப் பாதி. அந்தக் கோபத்தை அணி பல காலம் பொறுத்துக்கொண்டது. 2013இல் அவர் ரசிகர்களையே திட்டி எழுதினார், அணி கழற்றிவிட்டது. எதிராளியைத் திட்டும்வரை அது 'கேரக்டர்', காசு கொடுப்பவனைத் திட்டியதும் 'ஒழுங்கீனம்'. இந்தக் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய பாடம் 2018இல் கிடைத்தது. ஓவர்வாட்ச் என்ற கணினி ஆட்டத்துக்கு ஓவர்வாட்ச் லீக் என்று பிரமாண்டமாக ஒரு போட்டி தொடங்கினார்கள். டாலஸ் ஃப்யூவல் அணியில் ஃபெலிக்ஸ் லெங்கியெல், ஆட்டப்பெயர் எக்ஸ்க்யூசி. கனடாக்காரர், வாய் ஓயாது. ஜனவரியில் ஹூஸ்டன் அணியிடம் டாலஸ் தோற்றது. ஹூஸ்டனின் மூமா என்ற வீரர், எக்ஸ்க்யூசியே வழக்கமாகச் சொல்லும் கிண்டல் வசனத்தை அவருக்கே திருப்பிச் சொன்னார். சாதாரணச் சீண்டல்தான். அன்று எக்ஸ்க்யூசி தன் ஸ்ட்ரீமில் உட்கார்ந்து, மூமா தன்பாலின ஈர்ப்பாளர் என்பதைக் குத்திக்காட்டி ஆபாசமாகப் பேசினார். லீக் நான்கு ஆட்டத் தடையும் 2,000 டாலர் அபராதமும் போட்டது. மார்ச்சில் மறுபடியும் வம்பு, மறுபடியும் நான்கு ஆட்டம், இந்தமுறை 4,000 டாலர். அணியும் அவரும் பிரிந்தார்கள். அந்தப் பருவத்தின் பெரும்பகுதி டாலஸ் தடுமாறித் தடுமாறித்தான் ஆடியது.

சரி, எக்ஸ்க்யூசிக்கு என்ன ஆயிற்று? உலகின் மிகப் பெரிய ஸ்ட்ரீமர்களில் ஒருவர் ஆனார். 2023இல் கிக் என்ற தளம் அவரோடு இரண்டாண்டு ஒப்பந்தம் போட்டது. செய்தியில் வந்த தொகை 7 கோடி டாலர், ஊக்கத்தொகையெல்லாம் சேர்ந்தால் 10 கோடி வரை போகலாம் என்றார்கள். அபராதத்தையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லீக் ஆயிரங்களில் பிடுங்கியது, கூட்டம் கோடிகளில் கொடுத்தது. தண்டிக்கிற கை ஒன்று, அள்ளிக்கொடுக்கிற கை வேறொன்று. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

டைலர்1 என்ற ஸ்ட்ரீமரின் கதையும் அதே ரகம்தான். சக ஆட்டக்காரர்களை வதைத்ததற்காக லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற ஆட்டத்திலிருந்து 2016இல் துரத்தப்பட்டார். எந்தப் பெயரில் கணக்குத் தொடங்கினாலும் கண்ட இடத்தில் முடக்கு என்று உத்தரவு. 2018 ஜனவரியில் தடை நீங்கித் திரும்பிய அன்று ஒரே நேரத்தில் 3,80,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் மாறினார் என்பதையும் சொல்ல வேண்டும், பழைய அளவுக்கு வாய் விடவில்லை. ஆனால் அன்று வந்த கூட்டம் திருந்திய மனிதரைப் பார்க்க வந்த கூட்டமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்படிப்பட்ட கூத்துகளை நாம் ரசிக்கலாம், அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் பில் யாருக்குப் போகிறது? பெரும்பாலும் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு.

2018 அக்டோபரில் ஷாங்காயில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி ஆட்டத்துக்கு ஒரு போட்டி. ஆப்டிக் இந்தியா அணி ஆடுகிறது. ஃபோர்சேகன் என்ற வீரரின் கணினியில் ஏதோ தப்பாக இருக்கிறது என்று சந்தேகப்பட்டு அதிகாரி பக்கத்தில் வந்து நிற்கிறார். காணொளி இருக்கிறது. அதிகாரி பார்க்க முயல்கிறார், வீரர் விடாமல் மறிக்கிறார். குறி தானாகப் பொருந்த உதவும் ஏமாற்று நிரலுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'வேர்ட்'. நாம் கடிதம் அடிக்கிற அந்த வேர்ட்! உலகமே சிரித்தது. ஐந்தாண்டுத் தடை வந்தது. சிரிப்பில் கரைந்துபோன செய்தி ஒன்று உண்டு: நிறுவனம் அந்த அணியையே கலைத்துவிட்டது. ஏமாற்றாமல் ஆடிய மற்ற நால்வருக்கும் சேர்த்துத்தான் கடை மூடப்பட்டது.

'டிராமா' என்ற சொல் எனக்கு உறுத்துவது இங்கேதான். வாய்ச்சண்டையும் டிராமா, சூதாட்டமும் டிராமா, முதலாளி ஆளைப் போட்டு மிதிப்பதும் டிராமா என்றால் எப்படி? லீ சுங்-ஹ்யுன், ஆட்டப்பெயர் லைஃப், 17 வயதில் 2014இன் ஸ்டார்கிராஃப்ட் 2 உலக சாம்பியன். அடுத்த ஆண்டே இரண்டு ஆட்டங்களைக் காசுக்குத் தோற்றார், 7 கோடி வான் வாங்கினார். 2016இல் கொரிய நீதிமன்றம் தண்டித்தது, வாழ்நாள் தடையும் வந்தது. அது டிராமா இல்லை, குற்றம். அமெரிக்காவின் டிஎஸ்எம் அணியைத் தொடங்கிய ஆண்டி டின் ஊழியர்களிடமும் வீரர்களிடமும் நடந்துகொண்ட விதத்தை ஊர் பல ஆண்டு 'அவர் சுபாவம் அப்படி' என்றே பேசிக்கொண்டிருந்தது. அவர் அணியில் ஆடிய டபுள்லிஃப்ட் என்ற நட்சத்திரம் ஸ்ட்ரீமில் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது. 2022இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸை நடத்தும் ரையட் நிறுவனம் விசாரித்து 75,000 டாலர் அபராதமும் இரண்டாண்டுக் கண்காணிப்பும் விதித்தது. டபுள்லிஃப்டும் ஒரு காலத்தில் வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவர்தான். அந்த வாய் இந்த ஒரு முறை நல்லதுக்கு உதவியது.

எல்லாரும் அப்படியில்லை. ஐபைபவர் என்ற அமெரிக்க கவுண்டர் ஸ்ட்ரைக் அணி 2014இல் ஓர் ஆட்டத்தைத் திட்டமிட்டுத் தோற்றது. கூலியாக விலையுயர்ந்த ஆட்டப் பொருள்கள், அதாவது 'ஸ்கின்'கள், கை மாறின. அணியின் ஐந்து பேரில் நான்கு பேருக்கு 2015 ஜனவரியில், அந்த ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனம் தடை போட்டது. ஸ்கடூடுல் என்ற ஐந்தாமவர் அந்தப் பொருளை வாங்கிக்கொள்ளவில்லை, தப்பித்தார். சரியாக மூன்று ஆண்டு கழித்து, 2018 ஜனவரியில், பாஸ்டன் மேஜர் என்ற பெரிய போட்டியை வென்ற கிளவுட்9 அணியில் அவர் இருந்தார். வட அமெரிக்க அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல்முறை. அதிகம் பேசாத ஆள். அவரைப் பற்றி ஒரு வசவுச் சொல்கூட உருவாகவில்லை, அதனாலேயே வெளியே பலருக்குப் பெயர் தெரியாது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் நட்சத்திரம் ஃபேக்கர் மாதிரி அமைதியாக இருந்துகொண்டே உச்சத்தில் நிற்பது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கிறது.

நேரம் நெருங்குகிறது, ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்த கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. இதில் யாரும் யாரையும் திட்டவில்லை, ஒரு ரூபாய் சூதும் இல்லை.

ஜோஹன் சுண்ட்ஸ்டைன், எல்லாருக்கும் நோடெய்ல். டால் ஐசிக், எல்லாருக்கும் ஃப்ளை. டோட்டாவுக்கு வருவதற்கு முன் ஆடிய ஆட்டத்திலிருந்தே ஒன்றாக ஆடிய நண்பர்கள். 2015இல் ஓஜி அணியைச் சேர்ந்து தொடங்கினார்கள், நான்கு மேஜர் பட்டம் வென்றார்கள். 2018 மே மாதம், ஆண்டின் பெரிய போட்டியான தி இன்டர்நேஷனலுக்குச் சில மாதமே இருந்தபோது, ஃப்ளையும் எஸ்4 என்பவரும் ஓஜியை விட்டு ஈவில் ஜீனியஸஸ் அணிக்குப் போய்விட்டார்கள். ஆள் மாற்றத்தில் அந்த அணிக்கும் ஈரம் கிடையாது. 2015இல் அதே தி இன்டர்நேஷனலை வென்ற சில நாள்களிலேயே அவி2000 என்ற தன் வீரரை நீக்கியவர்கள் அவர்கள்.

நோடெய்ல் கையில் பாதி அணிதான் மிச்சம். பயிற்சியாளர் செப் எழுந்து வந்து ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓய்வில் இருந்த அனா திரும்பினார். டாப்சன் என்ற ஃபின்லாந்துப் பையன், பெரிய மேடையே பார்க்காதவன், அவனையும் சேர்த்தார்கள். திறந்த தகுதிச் சுற்றிலிருந்து, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கக்கூடிய அந்தச் சுற்றிலிருந்து, ஏறி வான்கூவருக்கு வந்தார்கள். அங்கே மேல் வரிசையில், அதாவது இன்னும் தோற்காத அணிகளின் சுற்றில், எதிரே வந்து நின்றது ஈவில் ஜீனியஸஸ். ஓஜி வென்றது. அப்புறம் இறுதிப் போட்டியில் சீனாவின் எல்ஜிடியை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தது. பரிசு 1.1 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு ஷாங்காயிலும் அதே ஐவர், அதே கோப்பை.

ஆனால் ரசிகர்கள் இன்றும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அந்த இறுதிப் போட்டியை மட்டுமல்ல. ஈவில் ஜீனியஸஸ் ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் வழக்கம்போலக் கைகுலுக்கினார்களே, அந்தச் சில நொடிகளையும்தான். நோடெய்ல் வருகிறார், ஃப்ளை நிற்கிறார், கை தொடுகிறது, நகர்கிறார்கள். யார் கண்ணைப் பார்த்தார், யார் பார்க்கவில்லை, கை எவ்வளவு நேரம் நின்றது என்று அதற்குப் பக்கம் பக்கமாக உரை எழுதியிருக்கிறார்கள். நானும் வேகத்தைக் குறைத்துப் பல முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் ரொம்பக் களைத்திருந்தார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.