வேறொருவர் பெயரை எழுத்துக்கூட்டிப் பாடியவர்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ராப், அதாவது தாளத்துக்கு ஏற்ப எதுகையோடு பேச்சுபோலப் பாடும் பாட்டு, அந்த இசைத்தட்டுகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பழையது என்று நான் சொல்வது 1979 முதல் 1984 வரை நியூயார்க் பக்கம் வந்தவற்றை. ராப் என்றதும் ரேடியோ சத்தத்தைக் குறைக்கிற பெரியவர்கள் இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டைவிடக் கதைதான் இதில் அதிகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவிலும் சொல்வேன். தட்டில் பதிந்தவர்கள்தான் முன்னோடிகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. இந்த இசை பிறந்து ஆறு ஆண்டு கழித்துத்தான் முதல் ராப் தட்டுகளே வந்தன.

பிறந்தது எங்கே என்று கேட்டால், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தைக் காட்டுவார்கள். 1973 ஆகஸ்ட் 11. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று ஒரு பெண் ஏற்பாடு செய்த பார்ட்டி. அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து வந்த இளைஞர், தட்டு போட்டார். பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து ட்ரம்ஸ் மட்டும் சில நொடி ஓடும் அல்லவா, அந்த இடத்தில்தான் பசங்கள் வெறிபிடித்து ஆடுகிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். அப்புறம் ஒரே தட்டின் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு அந்தச் சில நொடிகளையே மாற்றி மாற்றி ஓட்டினார். அது எந்தத் தட்டு என்று அவரைப் போலப் பார்ட்டிகளில் தட்டு ஓட்டும் மற்ற டிஜேக்களுக்குத் தெரியக் கூடாதே! தட்டைத் தண்ணீரில் ஊறவைத்து நடுவில் இருக்கும் லேபிளை உரித்துவிடுவாராம். பெயரை மறைத்து வளர்ந்த கலை இது. எங்களைப் போன்றவர்கள் இப்போது அந்தப் பெயர்களைத் தேடி அலைகிறோம்.

சரி, 1979. ஷுகர்ஹில் கேங்கின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வருகிறது. அமெரிக்காவின் முதல் நாற்பது பாடல்களுக்குள் நுழைந்த முதல் ராப் பாட்டு. அதில் பாடிய மூவரில் ஒருவர் பிக் பேங்க் ஹேங்க். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், மன்னிக்கவும்.

ஹேங்க் பாடகர் இல்லை. கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற பிராங்க்ஸ் ராப்பரின் மேனேஜர் மாதிரி இருந்தவர். ஒலிபெருக்கி வாங்கிய கடனை அடைக்க நியூஜெர்சியில் ஒரு பீட்சா கடையில் வேலை பார்த்தார். மாவு தட்டிக்கொண்டே கேஸின் கேசட்டைப் போட்டுக் கூடவே பாடுவார். ஷுகர்ஹில் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சன் என்ற அம்மையார் அப்போது ராப் பாடத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். ஹேங்க் பாடுவது காதில் விழுந்தது. கடை வாசலில் நின்ற காருக்குள்ளேயே பாடச் சொல்லி ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஹேங்கிடம் சொந்தச் சரக்கு ஏது? நேரே கேஸிடம் போய்க் கேட்டார். கேஸ் தன் பாட்டு நோட்டை எடுத்துப் போட்டு, வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். நண்பன்தானே, நாளைக்கு நமக்கும் வழி பிறக்கும் என்ற எண்ணம். ஹேங்க் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கேஸுக்கு அப்போது காஸனோவா ஃப்ளை என்றொரு மேடைப்பெயர். நோட்டில் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பெருமையடிக்கும் வரி ஒன்று உண்டு. அதையும் ஹேங்க் அப்படியே பாடிவிட்டார்! தட்டைப் போட்டால் இன்றைக்கும் கேட்கலாம்: ஒருவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார், வேறொருவர் பெயரை எழுத்துக்கூட்டி.

கேஸுக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. இதில் வேடிக்கை, பின்னணியில் ஓடும் மெட்டு ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்து எடுத்தது. அவர்கள் வழக்கு என்று கிளம்பியதும் பாட்டை எழுதியவர்களாக அவர்கள் பெயர் ஏறிவிட்டது. மெட்டுக்காரருக்கு நியாயம் கிடைத்தது, சொல்காரருக்குக் கிடைக்கவில்லை.

அந்த கிராண்ட்மாஸ்டர் கேஸ் இருந்த குழுதான் கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ். அந்நாள் ராப்பர்களைக் கேட்டால் இவர்கள் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஆனால் தட்டு என்று பார்த்தால் ‘வீக்எண்ட்’, ‘பங்க் ராக் ராப்’ என்று ஏதோ சில, அதுவும் தாமதமாக வந்தவை. இவர்களுடைய புகழெல்லாம் கேசட்டில். நம் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கினோமே, அதுபோல நிகழ்ச்சியில் பதிந்த கேசட் பிரதிக்குப் பிரதியாகக் கைமாறியது. 1981இல் நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்ட் கிளப்பில் ஃபென்டாஸ்டிக் ஃபைவ் குழுவோடு நேருக்கு நேர் போட்டி. கூட்டம் ஜெயிக்கவைத்தது ஃபென்டாஸ்டிக்கை. அவர்களுடைய ஆட்டமும் அலங்காரமும் அப்படி. ஆனால் கேசட்டில் ஆட்டம் தெரியாதே! கேட்டவர்கள் பலர் கோல்ட் க்ரஷ்தான் ஜெயித்தது என்றார்கள். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், தட்டை மட்டும் வைத்து வரலாறு எழுதாதீர்கள்.

தட்டு சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்ளும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1983இல் ராமெல்ஸீயும் கே-ராபும் பாடிய ‘பீட் பாப்’. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும், விசித்திரமான, எதிரொலி நிறைந்த பாட்டு. காசு போட்டு, உறைக்குப் படமும் வரைந்தவர் ஓவியர் பாஸ்கியா. முதலில் அச்சானது வெறும் 500 பிரதி. இன்றைக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை. வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு உறை போதும், தட்டைச் சுழலவே விடமாட்டார்கள் என்பது என் சந்தேகம். அதே பாட்டைப் பிறகு ப்ரொஃபைல் நிறுவனம் சாதாரண உறையில் வெளியிட்டது. பாட்டு வேண்டுமென்றால் அதைத் தேடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பெண்களைப் பற்றி விரிவாகப் பேசத்தான் வந்தேன், கேஸ் கதை நேரத்தைத் தின்றுவிட்டது. வேகமாகச் சொல்கிறேன். ஃபங்கி ஃபோர் ப்ளஸ் ஒன் குழுவில் அந்த ‘ப்ளஸ் ஒன்’ ஷா-ராக் என்ற பெண். குழுவிலேயே அவர் குரல்தான் கணீர் என்றிருக்கும், பெயரில் மட்டும் கூட்டல் குறி. தென் கரோலினாவிலிருந்து மூன்று பெண்கள் சேர்ந்த தி சீக்வென்ஸ், 1979இலேயே தட்டு வெளியிட்டவர்கள். அதில் ஒருவர்தான் பின்னாளில் புகழ்பெற்ற ஏஞ்சி ஸ்டோன். அப்புறம் ஹார்லெமில் பால் வின்லி, தன் மகள்கள் தான்யா, பாலெட் இருவரையும் பாடவைத்துத் தன் சொந்தக் கம்பெனியில் தட்டு வெளியிட்டார். இவை எல்லாமே இன்று இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் ஃபங்கி ஃபோரின் ‘தட்ஸ் தி ஜாயிண்ட்’டைக் கேளுங்கள், ஒன்பது நிமிடம்தான். நன்றி, வணக்கம்.