மாடு காட்டிக் கொடுத்த குளிசை

வணக்கம் நேயர்களே. முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நின்றவன் நான். இன்றைக்கு இரத்தக்கட்டி பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து என் மச்சாள் வந்திருந்தார். மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிவிட்டது. தொட்டால் சூடு, நடந்தால் நோ. சுளுக்கு என்று முடிவு கட்டி, உருவுவதற்கு நல்லெண்ணெயும் சூடாக்கிவிட்டார்கள். நல்ல வேளை, எண்ணெய் ஆறுவதற்குள் நான் போய்விட்டேன். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் உருவ வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், உருவ வேண்டாம். உள்ளே கட்டி இருந்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம். போனால் திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு நோ, சில பேருக்கு இருமலில் இரத்தம். அது உயிர் போகிற விஷயம்.

நாளங்களில் இரத்தம் மெதுவாக ஓடினால் கட்டி பிடிக்கலாம். நீண்ட விமானப் பயணம், சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு, படுக்கையில் கிடப்பது, புற்றுநோய் எல்லாம் அதற்கு வழி விடும். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்களும் இடையில் இறங்கி நாலு அடி நடவுங்கள்.

ஆஸ்பத்திரியில் டி-டைமர் என்று ஒரு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு அது சாதாரணமாக வந்தால் கட்டி இல்லை என்று விட்டுவிடலாம். கூடி வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. கிருமித் தொற்றிலும் கர்ப்பத்திலும்கூட அது கூடும். அப்புறம் டொப்ளர் ஸ்கான். தோட்டத்துக்கு இறைக்கும் தட்டைக் குழாயை மிதித்துப் பாருங்கள், அமுங்கிவிடும். உள்ளே மண் அடைத்திருந்தால் அமுங்காது. ஸ்கான் கருவியால் நாளத்தை அழுத்திப் பார்ப்பதும் அதே கணக்குத்தான்.

மச்சாளுக்குக் கட்டிதான். இரத்தம் உறைவதைக் குறைக்கும் ஊசியும் வார்பரின் குளிசையும் தொடங்கினார்கள். அன்று இரவே யாரோ சொல்லிவிட்டார்கள், "அது எலிப் பாசாணம், போடாதேங்கோ" என்று. இந்தப் பேச்சை நம்பிக் குளிசையை நிறுத்தி, திரும்பவும் கட்டி பிடித்து வந்தவர்களை என் யன்னலில் கண்டிருக்கிறேன். அதனால் இந்தக் கதையை முழுதாகச் சொல்லத்தான் வேண்டும்.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் மாடுகள் சிறு காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்தன. பூஞ்சணம் பிடித்த தீவனப்புல்தான் காரணம் என்று கண்டவர் ஒன்ராறியோவில் இருந்த மிருக வைத்தியர் பிராங் ஸ்கோபீல்ட். 1933இல், கடும் பனிப்புயலில், விஸ்கொன்சின் பண்ணைக்காரர் ஒருவர் செத்த மாட்டையும் ஒரு பால் கான் நிறைய உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியிடம் போய் நின்றார். அந்தப் புல்லில் இருந்த பொருளை லிங்கின் ஆட்கள் 1939இல் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் வார்பரின். 1948இல் எலிக்கு வைத்தார்கள், உண்மைதான். 1954இல் மனிதருக்கும் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள். எலிக்கு அது நஞ்சு, மச்சாளுக்கு மருந்து. வித்தியாசம் அளவில்தான்.

அந்த அளவைப் பிடிக்கத்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. காலில் கட்டி வந்தவருக்குப் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் இரத்தப்போக்கு. வார்பரின் முழுதாக வேலை செய்ய ஐந்து நாளாவது எடுக்கும், அதுவரைக்கும்தான் ஊசி. இன்னொன்று, இந்த மருந்து கட்டியைக் கரைப்பதில்லை. வளர விடாமல் பிடித்து வைக்கும், கரைப்பது உடம்பு. அதனால்தான் வீக்கம் வற்றினாலும் குறைந்தது மூன்று மாதம் போட வேண்டும்.

சரி, கீரை. முருங்கையிலை வறையை விடவா என்று கேட்காத ஆள் இல்லை. விட வேண்டாம். கீரையில் உள்ள விற்றமின் கே வார்பரினுக்கு எதிராக இழுக்கும், ஆனால் டொக்டர் உங்கள் சாப்பாட்டோடு சேர்த்துத்தானே அளவு கட்டுகிறார். கிழமைக்கு இரண்டு நாள் வறை என்றால் எப்போதும் இரண்டு நாள். ஒரு மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த மாதம் ஒவ்வொரு நாளும் சாப்பிடுவதுதான் பிழை.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மிச்சத்தைக் கெதியாகச் சொல்கிறேன். றிவறொக்சபான், அபிக்சபான் என்ற புதிய குளிசைகளுக்கு அடிக்கடி ஐ.என்.ஆர். தேவையில்லை. ஆனால் இருதயத்தில் உலோக வால்வு பொருத்தியவருக்கு அவை சரிவராது, வார்பரின்தான். கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள். ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போட வேண்டாம். மூட்டு நோவுக்கு டைக்குளோபெனக்கை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். கறுப்பாக மலம் போனாலோ, தலை அடிபட்டாலோ நேரே ஆஸ்பத்திரி. பல்லுப் பிடுங்கப் போனாலும் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். வணக்கம்.